சுரண்டியும் கீறியும் உருவாகும் ஓவியம்: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

கொழும்புத் தேசிய நூதனசாலையின் சேகரிப்பில் உள்ளவை போன்ற பழைய ஓலைச்சுவடி ஒன்றை, கண்ணைச் சற்றுத் தாழ்த்தி, ஓலையின் விளிம்போடு ஒட்டிப் பார்த்தால், எழுத்துகள் ஓலைக்கு மேலே படிந்திருக்கவில்லை, ஓலைக்குள் இறங்கியிருக்கின்றன என்பது தெரியவரும். எழுத்தாணியால் ஓலையின் மேற்றோலைக் கீறியபின், கரியும் எண்ணெயும் கலந்த மையை ஓலை முழுவதும் தேய்த்துத் துடைத்துவிடுவார்கள். வழவழப்பான இடத்தில் மை நிற்காது, கீறிய இடத்தில் மட்டும் தங்கிவிடும். எழுதியவர் முதலில் செய்தது எடுத்தல். மை வந்தது அதன் பிறகுதான். தற்கால ஓவியத்தில் சுரண்டியும் கீறியும் வேலை செய்பவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அதை எங்கிருந்தோ வந்த விநோதமாகப் பார்க்கும் வழக்கம் நம்மவர்களிடையே உண்டு. நம் முன்னோர் நூற்றாண்டுக் கணக்கில் தம் எழுத்தையே இந்த முறையில் செய்துவந்தார்கள் என்பதை முதலில் நினைவூட்டிவிட்டு விடயத்துக்குள் போவது நல்லது.

பொதுவாக ஓவியம் என்றதும் வெறுமையான பரப்பொன்றின் மேல் நிறம் சேர்வதையே நினைக்கிறோம். முதலில் கோட்டுருவம், பிறகு பின்னணி, பிறகு உருவங்கள், கடைசியில் கண்மணியின் ஒளிப்புள்ளி போன்ற நுணுக்கங்கள் என்று வேலை முன்னேறும்; இறுதியில் வைத்தது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். சுரண்டி எடுக்கும் முறையில் வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. ஓவியர் முதலில் வர்ணம், கடதாசி, சுண்ணாம்பு, மெழுகு என ஏதேனும் ஒன்றைப் பல படைகளாக ஏற்றித் தடித்த பரப்பொன்றைக் கட்டுகிறார். பிறகு பிளேட், ஊசி, உளி, உப்புத்தாள், சில வேளைகளில் வெறும் விரல்நகம் கொண்டு அதிலிருந்து கழிக்கத் தொடங்குகிறார். படம் தோன்றுவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். சிற்பத்தில் இந்த வேறுபாடு நமக்குப் பழகியதே: களிமண்ணைச் சேர்த்துப் பிடிப்பவரும் கருங்கல்லைச் செதுக்கிக் கழிப்பவரும் வேறு வேறு வழியில் போகிறார்கள் என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஓவியத்தில் மட்டும், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகு எல்லாமே தட்டையாகத் தெரிவதால், அந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடுகிறது.

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பழைய வீட்டுக் கதவொன்றைப் புதிதாக வர்ணம் பூசுவதற்காகச் சுரண்டியவர்களுக்கு அந்த வேறுபாட்டின் விளைவு உடனே புரியும். மேலே பச்சை, அதன் கீழ் மண்ணிறம், அதற்கும் கீழ் பாட்டனார் காலத்து நீலம். எவ்வளவு ஆழமாகச் சுரண்டுகிறோமோ அவ்வளவு பழைய நிறம் வெளியே வரும். சேர்த்து வரையும் ஓவியத்தில் கடைசியாகச் செய்ததே முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. சுரண்டும் ஓவியத்திலோ, முதன்முதலில் பூசி மூடப்பட்டது, கடைசிச் செயலின் பயனாக மீண்டும் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே இத்தகைய படமொன்றின் முன் நிற்கும்போது, இது என்ன உருவம் என்று கேட்பதற்கு முன்பாக, இதில் எது முதலில் இருந்தது, எது பிறகு போனது என்று கேட்டுப் பார்க்கும்படியே நான் சொல்வேன். அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் படத்திலேயே இருக்கிறது. அதை எங்கே தேடுவது என்பதுதான் பழகவேண்டிய விடயம்.

முதல் தடயம், கீறும்போது பரப்பு ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா என்பது. ஈரமான வர்ணத்தில் கீறினால் வர்ணம் முற்றாகப் போய்விடுவதில்லை; இரு பக்கமும் ஒதுங்கி, கோட்டின் இரு கரையிலும் மெல்லிய வரம்பாக எழுந்து, அப்படியே காய்ந்துவிடும். அந்தக் கோடு தடையில்லாமல் வளைந்து செல்லும், கை எங்கே வேகமெடுத்தது, எங்கே தயங்கியது என்பதும் அதில் பதிந்திருக்கும். காய்ந்த பரப்பில் கீறினால் வர்ணம் துகள் துகளாகப் பெயர்ந்து, கோட்டின் ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும். ஒரே இழுப்பில் ஆழம் வராது என்பதால் ஒரே கோட்டின் மேல் கருவி திரும்பத் திரும்ப ஓடிய சுவடு காணப்படும். வளைவுகள்கூட உற்றுப் பார்த்தால் சிறு சிறு நேர்க்கோடுகளாக உடைந்திருக்கும். பார்க்கப் பழகிய கண்ணுக்கு இந்த இரண்டையும் பிரித்தறிய அதிக நேரம் தேவைப்படாது.

ஈரத்தில் கீறுவதற்கு மிக நல்ல பழைய உதாரணம் டச்சு ஓவியர் ரெம்பிராண்டிடம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலையில் உள்ள, 1628 அளவில் அவர் தம்மையே வரைந்த படம் ஏறத்தாழ ஒரு சாண் உயரமே கொண்டது. முகத்தின் பெரும்பகுதி நிழலில் கிடக்க, கழுத்திலும் ஒரு பக்கக் கன்னத்திலும் காது மடலிலும் மட்டும் ஒளி விழுகிறது. அந்த ஒளிக்கும் நிழலுக்கும் இடையே கலைந்து நிற்கும் சுருள்முடியை அவர் தூரிகையின் மயிர்முனையால் முடிக்கவில்லை. தூரிகையைத் திருப்பிப் பிடித்து, காயாத கரிய வர்ணத்தை அதன் மரமுனையால் சுருள் சுருளாகக் கீறிவிட்டார். அடியில் இருந்த வெளிர்நிறப் பூச்சு அந்தக் கோடுகள் வழியே தெரிவதுதான் முடியின்மேல் விழுந்த ஒளியாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. அங்கே ஒளி பூசப்படவில்லை, மூடியிருந்தது விலக்கப்பட்டது. நானூறு ஆண்டுக்கு முந்தைய படமொன்றை இங்கே இவ்வளவு நேரம் பார்ப்பதற்குக் காரணம், சுரண்டல் என்பது வரையத் தெரியாதவர்களின் தந்திரம் என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருப்பதுதான்.

இத்தாலிய நகரங்களில், முக்கியமாக 16ஆம் நூற்றாண்டில், மாளிகைகளின் வெளிச்சுவரையே இப்படி அலங்கரித்தார்கள். கரியோ வைக்கோற் சாம்பலோ கலந்து கருமையாக்கிய சாந்தை முதலில் பூசி, அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பை மெல்லிதாக ஏற்றி, அது இறுகுவதற்குள் இரும்புக் கூர்முனையால் கீறி, கருமையை வெளிக்கொணரும் இந்த முறைக்கு ஸ்கிராஃபிட்டோ என்று பெயர். கை பிசகினால் திருத்துவது கடினம். அந்தப் பகுதியைப் பெயர்த்துவிட்டு மீண்டும் பூசவேண்டும். நம் நாட்டில் சிகிரியாவின் கண்ணாடிச் சுவர் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. அங்கே சுண்ணாம்புப் பூச்சு நன்றாக இறுகி, பளபளப்பாக மெருகேற்றப்பட்ட பிறகு, பல நூற்றாண்டுகளாக வந்துபோனவர்கள் கவிதைகளைக் கீறிவைத்துச் சென்றார்கள். அவற்றில் 685 பாடல்களை வாசித்துத் தொகுத்த தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான, 1956இல் அவற்றை நூலாக வெளியிட்டார். இறுகிய பூச்சில் கீறியதால் எழுத்துகள் மெல்லியவை. பக்கவாட்டில் ஒளி விழும்போதுதான் தெளிவாக வாசிக்க முடியும். (இன்று அதே சுவரில் யாராவது கீறினால் அது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும், அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

இருளில் தொடங்கி ஒளியைத் தேடி எடுக்கும் அச்சு முறைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 1642இல் லுட்விக் வொன் சீகன் என்பவர் தொடக்கிவைத்து, பின்னர் மற்றவர்கள் வளர்த்தெடுத்த மெசோடின்ட் என்ற முறையில், செப்புத் தகட்டை முழுவதும் சொரசொரப்பாக்கிவிட்டால் அது மையைப் பிடித்து முழுக் கறுப்பாக அச்சாகும். பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி வழவழப்பாக்கிக்கொண்டே போவார்கள். 1870களில் பிரெஞ்சு ஓவியர் டிகா, தகடு முழுவதும் மையைப் பூசி, துணியாலும் விரலாலும் துடைத்துத் துடைத்து உருவங்களை வெளியே எடுத்தார்.

இனித் தற்காலத்துக்கு வருவோம். இந்த முறையையே தம் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நான் காட்டுவது அமெரிக்காவின் மார்க் பிராட்போர்டை. 1961இல் லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்த அவர், தாயார் நடத்திய சிகையலங்கார நிலையத்தில் வளர்ந்தவர், அங்கேயே வேலையும் செய்தவர். முடியைச் சுருட்டும்போது நுனியைச் சுற்றிவைக்கும் மெல்லிய, ஏறக்குறைய ஒளி ஊடுருவும் சிறு கடதாசித் துண்டுகள் அங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கும், விலையும் சொற்பம். அவற்றின் விளிம்பைத் தீயில் கருக்கி, கன்வஸின் மேல் வரிசை வரிசையாக ஒட்டியதில்தான் அவருடைய தொடக்ககால ஓவியங்கள் பிறந்தன. பிறகு தம் பகுதியின் வேலிகளிலும் மதில்களிலும் ஒட்டப்பட்டிருந்த சிறு வியாபார விளம்பரங்களும், பெரிய விளம்பரப் பலகைகளின் கடதாசிகளும் அந்த இடத்தைப் பிடித்தன.

அவருடைய வேலைமுறையை ஓரளவு நெருங்கிப் பார்த்தால், எது முதலில் இருந்தது என்ற மேற்சொன்ன கேள்வியின் பயன் தெரியும். நனைத்த கடதாசியைப் படை படையாக ஒட்டுகிறார். சில படைகளுக்கு நடுவே கயிற்றையோ நூலையோ அவர் விரும்பும் பாதையில் கிடத்திவிட்டு, அதன் மேலும் ஒட்டிக்கொண்டே போகிறார். எல்லாம் இறுகிய பிறகு, தச்சுவேலைக்குப் பயன்படும் மின் உரசியால் மேற்பரப்பைத் தேய்க்கிறார். கயிறு கிடக்கும் இடம் சற்றே மேடாக இருப்பதால் அங்கேதான் உரசி முதலில் கடித்து, உள்ளே புதைந்திருந்த நிறங்கள் அந்தப் பாதை நெடுகிலும் வெளிப்படுகின்றன. வேறு இடங்களில் கயிற்றையே பற்றி இழுத்துக் கிழித்துவிடுகிறார்; அப்போது படைகள் அனைத்தையும் பிளந்துகொண்டு வாய்க்கால் ஒன்று உருவாகும், அதன் இரு கரையிலும் ஒவ்வொரு கடதாசியின் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது வானிலிருந்து பார்த்த நகரத்தின் தெருப்படமாகத் தோன்றும். அருகில் போனால் விளம்பரமொன்றின் பாதி எழுத்து, ஒரு தொலைபேசி இலக்கத்தின் வால், எங்கோ ஒரு மூலையில் கருகிய ஓரம். வர்ணத்தைத் தூரிகையால் பூசுவது இந்த வேலையில் மிகக் குறைவு; நிறங்களில் பெரும்பாலானவை அந்தக் கடதாசிகள் தெருவிலிருந்து கொண்டுவந்தவை.

2015இல் லொஸ் ஏஞ்சலிஸின் ஹாமர் நூதனசாலையில் அவர் செய்தது இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே நுழைவாயில் மண்டபச் சுவரில் பல ஆண்டுகளாக வெவ்வேறு கலைஞர்கள் சுவரோவியங்கள் வரைந்துவந்தார்கள். ஒவ்வொரு கண்காட்சி முடிந்ததும் அதை மூடி வர்ணம் பூசிவிட்டு அடுத்தவர் வரைவார். பிராட்போர்ட் புதிதாக எதையும் பூசாமல், அதே சுவரை உரசி உரசி அமெரிக்காவின் வரைபடத்தை எடுத்தார். ஒவ்வொரு மாநிலத்திலும் 1,00,000 பேருக்கு எத்தனை பேர் எயிட்ஸ் நோயாளிகள் என்ற எண்ணிக்கை அந்தந்த மாநிலத்துக்குள் பொறிக்கப்பட்டிருந்தது. எல்லைக் கோடுகளின் ஓரங்களில், முன்பு அந்தச் சுவரில் வரைந்தவர்களின் நிறங்கள் வளையம் வளையமாக எட்டிப்பார்த்தன. அவர்களில் ஒருவரான பாரி மெக்கீயை நினைத்தே படைப்புக்கு ‘பாரியைத் தேடி’ என்ற பொருளில் பெயரிட்டார். மறைக்கப்பட்ட நோயைப் பற்றிச் சொல்ல, மறைக்கப்பட்ட வர்ணத்தையே பொருளாக எடுத்துக்கொண்ட இந்தப் படைப்பில், செய்முறையும் சொல்லவந்ததும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாமல் நிற்கின்றன. இத்தகைய பொருத்தம் எல்லாச் சுரண்டல் ஓவியங்களிலும் அமைவதில்லை. 2017இல், ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் வெனிஸ் கலைவிழாவில் அமெரிக்காவின் சார்பில் அவர் பங்கேற்றார். அதே ஆண்டு வொஷிங்டனின் ஹேர்ஷ்ஹோர்ன் நூதனசாலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பேர்க் சண்டையைக் காட்டும், பார்ப்பவரைச் சுற்றி வட்டமாக நிற்கும் 19ஆம் நூற்றாண்டு ஓவியமொன்றின் பெரிதாக்கிய அச்சுப் பிரதிகளை அடியில் ஒட்டி, மேலே கடதாசியும் கயிறும் ஏற்றி, பிறகு கிழித்தும் தோண்டியும் செய்த 8 பெரிய படங்களை வைத்தார். நாடொன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் போர்க்கதை அதில் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது.

பிராட்போர்டின் வேலையில் அடியில் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கையோடு சுரண்டுகிறோம். அடியில் வெறும் கடதாசி மட்டுமே இருந்தால்? 1953இல் அமெரிக்க ஓவியர் ரொபேர்ட் ரௌஷன்பேர்க், தம்மைவிடப் புகழ்பெற்றிருந்த ஓவியர் வில்லெம் டி கூனிங்கிடம் போய், அழிப்பதற்காக ஒரு சித்திரம் தரும்படி கேட்டார். டி கூனிங்குக்கு அந்த யோசனை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருந்தும், அழிப்பதற்குக் கடினமான, பென்சிலோடு எண்ணெய் வர்ணமும் மெழுகுக் கோலும் சேர்ந்த ஒன்றை வேண்டுமென்றே தேர்ந்து கொடுத்தார். ரௌஷன்பேர்க் பல வாரங்கள் அழித்தார். மங்கலான கறைகளும் சுவடுகளும் எஞ்சிய அந்தத் தாளுக்குத் தங்கமுலாம் பூசிய சட்டம் இட்டு, நண்பர் ஜாஸ்பர் ஜோன்ஸ் கையால் பெயர்ப்பட்டி எழுதி வைத்தார்கள். இப்போது அது சான் பிரான்சிஸ்கோ நவீன கலை நூதனசாலையில் இருக்கிறது. 2010இல் அகச்சிவப்புக் கதிர்ப் படப்பிடிப்பின் உதவியோடு கணினியில் தெளிவாக்கியபோது, அழிந்த உருவங்களின் சாயல் ஓரளவு தெரியவந்தது. எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்தப் படைப்பைப் பார்ப்பதைவிட இதன் கதையைக் கேட்பதே சுவையாக இருக்கிறது. பெயர்ப்பட்டி இல்லாவிட்டால் அது அழுக்கான ஒரு தாள் மட்டுமே என்று யாராவது சொன்னால் அவரோடு வாதாடமாட்டேன். ஆனால் எது முதலில் இருந்தது என்ற கேள்வியை இவ்வளவு நிர்வாணமாக நிறுத்திய படைப்பு வேறொன்று இல்லை.

சுவர்களிலும் இந்தக் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1949இல் பாரிஸில் ஜாக் வில்க்லே, ரேமொன் ஹேன்ஸ் என்ற இரு இளைஞர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, போவோர் வருவோர் கையால் கிழிபட்ட சுவரொட்டிகளை அப்படியே பெயர்த்தெடுத்து ஓவியமாக வைக்கத் தொடங்கினார்கள். கிழித்தவர் யாரென்று தெரியாது. தேர்ந்தெடுத்தது மட்டும் அவர்கள் வேலை. போர்த்துக்கலில் லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் உள்ள செய்ஷாலில் வளர்ந்த, 1987இல் பிறந்த அலெக்சாண்டர் ஃபார்ட்டோ, வில்ஸ் என்ற பெயரில் உலகின் பல நகரங்களில் சுவர்களையே உளியாலும் துளைக்கும் இயந்திரத்தாலும் பெயர்த்து மனித முகங்களைச் செய்கிறார். 1974ஆம் ஆண்டுப் புரட்சியின்போது வரைந்த சுவரோவியங்கள் மங்கிப்போய், அவற்றின் மேல் வியாபார விளம்பரங்கள் ஏறிக்கொண்டிருந்த மதில்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அவருடைய முகங்களில் வெண்மையான இடம் வெளிப்பூச்சு, சாம்பல் நிறம் சாந்து, கன்னத்தின் ஆழ்ந்த நிழல் செங்கல், ஆழமே நிறமாகிறது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சுவர்கள் அன்னியமானவை அல்ல. ஒரு தேர்தலின் சுவரொட்டி மேல் அடுத்த தேர்தலின் சுவரொட்டியும், இரண்டின் மேலும் ரியூசன் வகுப்பு விளம்பரமும் ஏறி, மழையில் ஊறித் தடித்த அட்டையாகத் தொங்கும் மதில்கள் எத்தனையோ உண்டு. 2019இன் இறுதியில் இளைஞர்கள் நாடெங்கும் மதில்களுக்கு வர்ணம் பூசி ஓவியம் வரைந்தபோது அவற்றில் பல மூடப்பட்டன. அந்தப் பூச்சு உரியும் இடங்களில் பழையவை மீண்டும் தலைகாட்டுகின்றன. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் கடல் உப்பே இந்த வேலையைச் செய்கிறது: சுவருக்குள் ஊறிய உப்புநீர் காயும்போது உப்பு பளிங்காகிப் பருத்து, பூச்சைப் பொருக்குப் பொருக்காக வெளியே தள்ளிவிடும். பார்க்க அழகாக இருந்தாலும் அதை ஓவியம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கே நிறுத்துவது என்று உப்புக்குத் தெரியாது. வில்க்லே கிழிபட்ட நூறு சுவரொட்டிகளில் ஒன்றைத் தேர்ந்து, அதன் எல்லையை வெட்டி முடிவு செய்தார். அந்த முடிவு இல்லாத இடத்தில் வெறும் சிதைவுதான் இருக்கிறது.

இதே கிளையில் இன்னும் சிலரைப் பெயர் சொல்லிக் கடந்துவிடலாம். ஜேர்மனியின் கேர்ஹார்ட் ரிக்டர் ஈர வர்ணத்தின் மேல் நீண்ட தகடொன்றை இழுத்து, ஒரே நேரத்தில் பூசவும் வழிக்கவும் செய்தார். அவருக்கு முன்பே, 1970களில், அமெரிக்காவின் ஜாக் விட்டன் தரையில் விரித்த கன்வஸில் அக்ரிலிக்கைத் தடிப்பாக ஊற்றி, ஏறத்தாழ 12 அடி அகலமுள்ள கருவியால் ஒரே இழுப்பில் அதை வழித்தெடுத்திருந்தார். 1958 முதல் கன்வஸைக் கத்தியால் பிளந்த லூசியோ ஃபொன்டானாவையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அவர் தேடியது பரப்பின் பின்னால் உள்ள வெளியை, படைகளை அல்ல என்பதால் நான் அவரைத் தனியாகவே வைப்பேன்.

நம் பக்கத்தில், சிட்டகொங்கில் பிறந்த சோம்நாத் ஹோரைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விடயத்தை விட முடியாது. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு வரைந்த அவர், 1970களில் செய்த ‘காயங்கள்’ வரிசையில் களிமண், மெழுகுப் பரப்புகளைக் கத்தியாலும் சூடேற்றிய கம்பியாலும் வெட்டிக் கீறி, அதற்கு அச்சு எடுத்து, அந்த அச்சில் கடதாசிக் கூழை வார்த்தார். வெள்ளைத் தாளில் வெள்ளையான பிளவுகள். சில இடங்களில் மட்டும் சிறிது செம்மை. அங்கே கீறலைக் காயமென்று வாசிப்பதில் தவறில்லை, ஓவியரே அப்படித்தான் பெயரிட்டிருக்கிறார். ஆனால் இலங்கையில் கீறல் உள்ள எந்தப் படத்தைக் கண்டாலும் போரின் வடு என்று உடனே எழுதிவிடும் வழக்கம் நம் விமர்சனத்தில் இருக்கிறது. சில படங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். எந்தக் கருவி, ஈரமா காய்ந்ததா, அடியில் எந்த நிறம் என்றெல்லாம் பார்ப்பதற்கு முன்பே கருத்தைச் சொல்லிவிட்டால், ஓவியரின் கை செய்த வேலை அப்படியே பார்க்கப்படாமல் போய்விடுகிறது என்பதே என் குறை.

இதை யாரும் செய்யலாமே என்ற கேள்விக்கும் பதில் அந்த வேலையில்தான் இருக்கிறது. கீறல் திரும்பி வராது. தூரிகையால் பூசியது பிடிக்காவிட்டால் மேலே இன்னொரு முறை பூசலாம். ஒரு படையைத் தாண்டிச் சுரண்டிவிட்டால் அந்தப் படை அந்த இடத்தில் இனி இல்லை. எனவே ஓவியர், மூடும்போதே பின்னால் எங்கே திறக்கப்போகிறார் என்பதை மனதில் வைத்திருக்கவேண்டும். சிவப்புக்கு மேல் கறுப்பை ஏற்றுவதும் மஞ்சளுக்கு மேல் ஏற்றுவதும் பூசும்போது ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு சுரண்டும்போதுதான் வெளிப்படும். படைகளைக் கணக்கில்லாமல் ஏற்றிவிட்டுக் கண்டபடி தேய்த்தால் எல்லா இடத்திலும் எல்லா நிறமும் சிறிது சிறிது தெரிந்து, படம் முழுவதும் ஒரே சேற்று நிறமாகிவிடும். அப்படிப்பட்ட படங்களும் கண்காட்சிகளுக்கு வருகின்றன. அவற்றை அடையாளம் காண எளிய வழி, எந்த இடத்திலாவது ஓவியர் கையை நிறுத்தி, தொடாமல் விட்டிருக்கிறாரா என்று தேடுவதுதான்.

வாசிப்பதைவிடக் கையால் செய்து பார்த்தால் விரைவில் பிடிபடும். பிரிஸ்டல் போர்ட் துண்டொன்றில் ஒயில் பஸ்டலால் இரண்டு மூன்று வெளிர் நிறங்களை இடைவெளி இல்லாமல் அழுத்திப் பூசி, அதன் மேல் கறுப்பு ஒயில் பஸ்டலைப் பூசி மூடுங்கள். கறுப்புப் பொஸ்டர் வர்ணம் பூச விரும்பினால் அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலக்கவேண்டும்; இல்லாவிட்டால் மெழுகுப் பரப்பில் அது ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டுவிடும். மை தீர்ந்த பேனா, ஐஸ்கிறீம் குச்சி, பழைய வங்கி அட்டையின் விளிம்பு ஆகியவற்றால் ஒரே கோட்டை இழுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் வேறு விதமாகக் கழிப்பது கைக்கே தெரியும். கை சற்றுப் பழகிய பிறகு அக்ரிலிக்கில் முயல்பவர்கள் கன்வஸுக்குப் பதிலாகப் பலகையில் தொடங்குவது நல்லது, ஏனெனில் கன்வஸ் அழுத்தத்துக்குக் குழிந்துகொடுத்து, நெசவின் மேடுகளில் மட்டும் வர்ணம் போய், நினைத்த கோடு வராது. காய்ந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் படலம் என்பதால் உலர்ந்த உப்புத்தாளால் வேகமாகத் தேய்த்தால் சூடேறிப் பிசுபிசுத்துத் தாளை அடைத்துவிடும். தண்ணீரில் நனையும் வகை உப்புத்தாளை ஈரமாகப் பயன்படுத்தினால் சீராக வரும். எதைத் தேய்த்தாலும் தூள் மூக்கில் போகாமல் முகக்கவசம் அணியவேண்டும். பழைய வீட்டுக் கதவையோ சாளரத்தையோ ஓவியத்துக்காக உலர்வாகத் தேய்க்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். பழைய எனமல் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூள் குழந்தைகள் உள்ள வீட்டில் பெரும் தீங்கு.

கொழும்பில் இவற்றைப் பார்த்துப் பழக இடங்கள் இருக்கின்றன. நூதனசாலையின் சுவடிகளோடு தொடங்கலாம். பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸின் வீடாக இருந்த சபுமல் மன்றத்தில், 1943இல் தோன்றிய 43 குழு என்ற இலங்கை நவீன ஓவியர் குழுவினரின் எண்ணெய் வர்ண ஓவியங்களை மிக அருகில் நின்று பார்க்கலாம். வர்ணத்தின் தடிப்பைக் கண்ணால் அளந்து பழக அதைவிட அமைதியான இடம் நகரில் குறைவு. கொள்ளுப்பிட்டியில் உள்ள நவீன மற்றும் சமகாலக் கலை நூதனசாலையில் விளக்கக் குறிப்புகள் தமிழிலும் இருக்கின்றன. படத்தின் நேரே நின்று பார்த்த பிறகு, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போய் நின்று ஒருமுறை பாருங்கள்; நேரில் தட்டையாகத் தெரிந்த பரப்பின் மேடுபள்ளங்கள் அப்போது நிழல் விழுந்து புலப்படும். 1993 முதல் ஆனந்த குமாரசாமி மாவத்தையில் நடந்துவரும் கலா பொல திறந்தவெளிக் கலைச்சந்தையில் இன்னொரு வசதி உண்டு: ஓவியர் தம் படங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சுரண்டிய படமொன்றைக் கண்டால், இதற்கு அடியில் என்ன நிறம் பூசியிருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். விலை கேட்டால் ஒரு வரியில் முடித்துக்கொள்பவர்கூட இந்தக் கேள்விக்கு எழுந்து நின்று, விரலால் படத்தைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.